வலது காலுக்கு வராத பச்சை விளக்கு

நான் ரிட்டயர்டு ஆகி மூணு வருஷம் ஆவுது. ஆனாலும் பிளேனு ரிப்பேர் பண்ற ஹேங்கர் பசங்க என்னை வாட்ஸ்அப் குரூப்புலேருந்து எடுக்கல. போன வாரம் அதுல ஒருத்தன் கேட்டான், "அண்ணே, இத்தனை வருஷம் பிளேனுக்கு அடியிலயே படுத்துக் கெடந்தீங்களே, ஜாஸ்தி பயந்தது என்னைக்கு? எழுதுங்களேன்"னு. சரி, எழுதுறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வீரத்தைப் பத்திப் படிக்கணும்னா வேற ஆளைப் பாருங்கப்பா. இது முழுக்க ஒரு பயந்தாங்கொள்ளியோட கதை.

எனக்கு ஊரு மஞ்சக்குப்பம். ஸ்கூல் முடிச்சது, மெட்ராஸ்ல மெக்கானிக் லைசென்ஸுக்கு நாயா அலைஞ்சது, ரெண்டு தடவ பெயிலானது, மாதா புண்ணியத்துல மூணாவது தடவ பாஸானது, அதெல்லாம் உங்களுக்கும் உள்ளதுதான். விட்டுடறேன். கடைசிப் பதினாலு வருஷம் பைலட் பயிற்சி குடுக்குற ஒரு ஸ்கூல்ல வேலை. பேரு வேணாம். கடலூர்லேருந்து தெனமும் பஸ்சுல போயி வர்ற தூரம்.

அங்க ஒத்தை எஞ்சின் பிளேனு ஆறு இருந்துச்சு. ரெட்டை எஞ்சின் ஒண்ணே ஒண்ணு. ஒத்தை எஞ்சின் பிளேனுக்கு சக்கரம் எப்பவும் வெளியவே நிக்கும், தொல்லையே கெடையாது. ரெட்டை எஞ்சின்ல அப்பிடி இல்ல. மேல ஏறினதும் சக்கரம் மாட்டின மூணு காலும் உள்ள மடங்கிக்கும். எறங்கும்போது வெளிய வரும். வெளிய வந்து தொங்கினா மட்டும் போதாது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொக்கி இருக்கு, அது டக்குன்னு மாட்டணும். மாட்டினாத்தான் அந்தக் காலு பிளேனோட எடையைத் தாங்கும். மாட்டலன்னா தரை பட்டதும் மடங்கிடும். கொக்கி மாட்டிச்சான்னு பாத்து சொல்றதுக்கு ஒரு குட்டி ஸ்விட்சு. அது அமுங்கினா பைலட்டு முன்னாடி பச்சை விளக்கு எரியும். மூணு காலுக்கு மூணு பச்சை. ஒண்ணு வரலன்னா சிவப்பு.

பயிற்சி பிளேனு பாவம். வாத்தியாரு வேணும்னே ஒரு எஞ்சினைக் குறைச்சுட்டு, "எஞ்சின் போயிடுச்சு, இப்ப என்ன பண்ணுவ?"ன்னு கேப்பாரு. படிக்கிற புள்ளைங்க காலை மடக்கும், நீட்டும், திரும்ப மடக்கும். ஒரு மணி நேரத்துல அது படுற பாடு, பெரிய பிளேனு ஒரு வாரத்துல படாது.

அந்த வாத்தியாரு கேப்டன் வரதராஜன். எங்க ஸ்கூலுக்குத் தலைமை. விமானப்படையில இருந்துட்டு வந்தவரு. உயரம் கம்மி, குரல் அதைவிடக் கம்மி. அவரு கத்தி நான் கேட்டதே இல்ல. கோவம் வந்தா மரியாதை கூடும். "ஆரோக்கியம்"னு கூப்பிட்டா ஒரு கவலையும் இல்ல. "மிஸ்டர் ஆரோக்கியசாமி"ன்னாருன்னா அன்னைக்கு சோறு எறங்காது.

வேலையை முடிச்சு லாக் புக்கை அவரு மேஜையில வெச்சா, உடனே கையெழுத்துப் போட மாட்டாரு. நான் எழுதின ஒவ்வொரு வரிக்கும் அடியில விரலை வெச்சு, வாய்விட்டு மெதுவாப் படிப்பாரு. நாம எழுதினதை இன்னொருத்தர் வாயால கேட்டுப் பாருங்க, தப்பிருந்தா அப்பவே முதுகுல வேர்த்துடும். படிச்சு முடிச்சுட்டு மூடியைக் கழட்டுன பேனாவைக் கையில வெச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேப்பாரு: "நீங்க உக்காருவீங்களா?"

அதுதான் அவரு போட்ட சட்டம். எஞ்சின்லயோ கால்லயோ எவன் கை வெச்சானோ, அவன் அந்த பிளேனோட முதல் பறப்புல பின் சீட்டுல உக்காரணும். எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத சட்டம். "உக்காருறேன் சார்"ன்னு சொன்னாத்தான் பேனா பேப்பர்ல படும். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பிளேனுக்கு அடியில படுத்துக்கிட்டு எத்தனை மணி நேரம் வேணா வேலை செய்வேன், மேல ஏறினா மட்டும் வயித்தக் கலக்கும். ஹேங்கர்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவானுங்க, "ஆரோக்கியம் அண்ணனுக்கு ரெண்டு பெல்ட்டு போடுங்கடா"ன்னு.

நான் சொல்ல வந்த அந்த நாளுக்கு முன்னாடி பதினோரு நாளா ரெட்டை எஞ்சின் ஹேங்கர்லயே நின்னுச்சு. வலது காலோட பச்சை விளக்கு விட்டு விட்டு எரியுதுன்னு புகார். சிதம்பரத்துப் பொண்ணு அபிநயா, ரெட்டை எஞ்சின் லைசென்ஸுக்கு டெஸ்டு குடுக்கத் தயாரா இருந்துச்சு. அது தெனமும் காலையில வந்து பிளேனைப் பாத்துட்டு, "அங்கிள், இன்னைக்காவது ஆவுமா?"ன்னு கேக்கும். ஆபீசுலேருந்து ஒருத்தன், ஸ்டோருலேருந்து ஒருத்தன், எல்லாரும் இதே கேள்வி. எனக்குன்னா எரிச்சலான எரிச்சல்.

ஜாக் போட்டு பிளேனைத் தூக்கி நிறுத்தினேன். கரன்ட்டு குடுத்து காலை மடக்கி நீட்டி, தரையில சாக்பீஸால ஒவ்வொரு கோடாப் போட்டு எண்ணினேன். ஸ்விட்சு கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, சரி பண்ணினேன். பத்து தடவ காலை எறக்கினதுல ஒன்பது தடவ கொக்கி டக்குன்னு மாட்டிச்சு. ஒரு தடவ மட்டும் சோம்பலா நவுந்து, பாதியில நின்னு, அப்புறமாப் போயி உக்காந்துச்சு. கொக்கியை இழுக்குற ஸ்பிரிங்கு தளந்து போயிருந்துச்சு. புதுசு ஸ்டோர்ல இல்ல. எழுதிப் போட்டா வர்றதுக்கு இன்னும் பத்து நாளு ஆவும்.

என்ன பண்ணியிருக்கணும்? ஸ்பிரிங்கு தளர்ச்சி, பிளேனு பறக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். அவ்ளோதான். நான் கொக்கியைத் தொடைச்சு, கிரீஸ் வெச்சு, இன்னும் அஞ்சு தடவ எறக்கிப் பாத்தேன். அஞ்சும் டக்கு டக்குன்னு மாட்டிச்சு. சரியாயிடுச்சுன்னு மனசு சொல்லிச்சு. மனசுக்கென்ன, நாம எதைக் கேக்க ஆசைப்படுறமோ அதைச் சொல்லும். காலால அந்த சாக்பீஸ் கோட்டையெல்லாம் தேச்சு அழிச்சேன். லாக் புக்குல "வலது கால் ஸ்விட்ச் சரி செய்யப்பட்டது, இயக்கம் திருப்தி"ன்னு எழுதினேன். ஸ்பிரிங்கைப் பத்தி மூச்சு விடல.

கேப்டன் விரலை வெச்சுப் படிச்சாரு. "ஸ்விட்சு மட்டும்தானா?"ன்னாரு.

"ஆமா சார்."

"நீங்க உக்காருவீங்களா?"

"உக்காருறேன் சார்."

மறுநாள் காலையில கெளம்பினோம். முன்னாடி இடது பக்கம் அபிநயா, வலது பக்கம் கேப்டன், பின்னாடி கதவு பக்கத்துல நானு. மூணு பேரு காதுலயும் ஹெட்செட். காலு உள்ள மடங்குற சத்தத்தைக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன், ஒழுங்கா மடங்கிச்சு. கடலோரமாவே தெக்க போனோம். மஞ்சக்குப்பம் கிரவுண்டு பழுப்பு நிறத்துல ஒரு துண்டாத் தெரிஞ்சுது. அங்கிட்டு குடிகாடு கெமிக்கல் பேக்டரி புகைக்கூண்டைப் பாத்து காத்து எந்தப் பக்கம்னு கேப்டன் அபிநயாவைக் கேட்டாரு. சிதம்பரம் வந்ததும் நாலு கோபுரமும் தெரிஞ்சுது. "சார், அதோ எங்க ஊரு"ன்னு அந்தப் பொண்ணு சொல்லும்போது குரல்ல ஒரு சந்தோஷம். நான் பெல்ட்டைப் புடிச்சுக்கிட்டு வேண்டிக்கிட்டு இருந்தேன். மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க?

கேப்டன் வலது எஞ்சினைக் குறைச்சாரு. உடனே ஹாரன் அடிச்சுது. அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. காலு உள்ள இருக்கும்போது எஞ்சினைக் குறைச்சா அந்த ஹாரன் அடிக்கும், எங்க காதுக்குப் பழகினதுதான். அபிநயா செய்ய வேண்டியதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செஞ்சுது. "காலு எறக்கறேன் சார்"ன்னு நெம்புகோலைக் கீழ தள்ளிச்சு. கீழ வர்ற சத்தம் கேட்டுச்சு. காலு எறங்கினதும் ஹாரன் நிக்கணும்.

நிக்கல.

நான் எட்டிப் பாத்தேன். பச்சை ரெண்டு. மேல சிவப்பு. வலது காலுக்குப் பச்சை வரல.

கேப்டன் ரெண்டு எஞ்சினையும் சரி பண்ணி, பிளேனை மட்டமா வெக்கச் சொன்னாரு. ஹாரன் நின்னுச்சு, சிவப்பு போவல. "பல்பைப் பாரு"ன்னாரு. அபிநயா இடது பல்பைப் புடுங்கி வலது எடத்துல சொருகிச்சு. எரியல. பல்புல குத்தம் இல்ல. காலை மடக்கித் திரும்ப எறக்கினாங்க. ரெண்டே பச்சை. அவசரத்துக்குன்னு ஒரு குமிழ் இருக்கு, அதை இழுத்தா பம்பு இல்லாம காலு தன் எடையிலயே விழும். வேகத்தைக் குறைச்சு அதையும் இழுத்தாங்க. ரெண்டே பச்சை. அப்புறம் கேப்டன் பிளேனைத் தன் கையில வாங்கி, மூக்கைக் கீழ குத்தி, சடார்னு மேல இழுத்தாரு. அந்தக் குலுக்கல்ல கொக்கி போயி விழும்னு ஒரு நெனப்பு. அதே மாதிரி நாலு தடவ. என் சட்டைப் பையிலேருந்த பேனா பறந்து கூரையில அடிச்சுக் கீழ விழுந்துச்சு. பச்சை மட்டும் வரல.

திரும்பி ஏர்ஃபீல்டுக்கு வந்து டவருக்கு முன்னாடி தாழப் பறந்தோம். டவர்லேருந்து ஒருத்தன் பைனாகுலர்ல பாத்துட்டு, மூணு காலும் வெளியதான் இருக்குன்னான். அதுல என்ன பிரயோஜனம்? காலு தொங்குறது தெரியும், கொக்கி மாட்டியிருக்கிறது தெரியுமா?

அப்பதான் கேப்டன் தலையைத் திருப்பி என்னைப் பாத்தாரு.

"மிஸ்டர் ஆரோக்கியசாமி. ஸ்விட்சை நீங்கதான் சரி பண்ணியிருக்கீங்க. அது கொஞ்சம் நவுந்துட்டா, கொக்கி மாட்டியிருந்தாலும் பச்சை வராது. சரியா?"

"ஆமா சார்."

"அப்பிடின்னா காலு பத்திரம். நான் சாதாரணமா எறங்கிடலாம். இல்ல, கொக்கியா? எது? ஸ்விட்சா, கொக்கியா?"

என் ஆயுசுலயே முதல் தடவையா, என் வேலை தப்பா இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டேன். மாதாவே, அந்த ஸ்விட்சை நான் கோணலா வெச்சிருக்கணும், என் புத்தி கெட்டுப் போயிருக்கணும். ஸ்விட்சுன்னு சொல்லிட்டா லாக் புக்குல உள்ளதும் நான் சொல்றதும் ஒண்ணா இருக்கும். லைசென்ஸ் பொழைக்கும், மானம் பொழைக்கும். ஸ்விட்சாவே இருக்கவும் வாய்ப்பு இருக்கு. யாரு கண்டா? ஆனா அந்த சோம்பேறிக் கொக்கி பாதியில நின்னது கண்ணு முன்னாடியே நிக்குது. ஸ்விட்சுன்னு சொல்லி, அவரு முழு எடையோட வலது கால்ல போயி எறங்கி, அது மடங்கிச்சுன்னா? ரெக்கை தரையில குத்தும். அந்த வேகத்துல பிளேனு கரணம் போடும். ரெக்கை முழுக்கப் பெட்ரோலு.

கேப்டன் அவசரப்படுத்தல. அபிநயா திரும்பிப் பாக்கல, ஆனா அது கழுத்துல நரம்பு துடிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது.

"கொக்கியா இருக்கலாம் சார்"ன்னேன். "ஸ்பிரிங்கு தளந்திருந்துச்சு. நான் எழுதல."

"எத்தனை தடவ மாட்டல?"

"பத்துக்கு ஒண்ணு சார். அப்புறம் அஞ்சு தடவ ஒழுங்கா மாட்டிச்சு."

"தேங்க் யூ"ன்னாரு. அவ்ளோதான். திட்டியிருந்தா கூட தேவலாம்னு இருந்துச்சு.

அடுத்த முக்கா மணி நேரம் பெட்ரோலைக் குறைக்க ஏர்ஃபீல்டையே சுத்தினோம். அந்த முக்கா மணி நேரத்தை நான் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கேன். கேப்டன் பாடம் நடத்துற மாதிரியே சொன்னாரு: "அபிநயா, இடது சக்கரத்துல மட்டும் எறங்கப் போறேன். வலது ரெக்கையை முடிஞ்ச வரைக்கும் தூக்கிப் புடிப்பேன். இடது பட்டதும் நான் சொல்லுவேன், நீ ரெண்டு எஞ்சினுக்கும் பெட்ரோலை அடைச்சு, பேட்டரியை அணை. மிஸ்டர் ஆரோக்கியசாமி, தரை படுறதுக்கு முன்னாடி பின் கதவோட தாழைத் தெறந்து வெச்சுடுங்க. ரெக்கை குத்தினா கதவு சிக்கிக்கும்."

"சரிங்க சார்"ன்னேன். கையைத் தாழ் மேலயே வெச்சுக்கிட்டேன். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிச்சேன். பொறந்ததுலேருந்து சொல்ற மந்திரம், ரெண்டாவது வரி ஞாபகத்துக்கு வரல. எம் பொண்டாட்டி லூர்து அன்னைக்குக் காலையில கட்டிக் குடுத்த டிபன் பாக்சு ஹேங்கர் மேஜையில இருக்குமேன்னு நெனைச்சேன். ஏன் அதைப் போயி நெனைச்சேன்னு கேக்காதீங்க.

கடைசியா எறங்கத் திரும்பும்போது அபிநயா கேட்டுச்சு, "அங்கிள், பெல்ட்டை இறுக்கிக்கிட்டீங்களா?"

யாரு யாரைப் பாத்துக் கேக்குறது, சொல்லுங்க? எனக்கு அழுகையே வந்துடுச்சு. "இறுக்கிட்டேன் கண்ணு"ன்னுட்டு தாழைத் தெறந்து வெச்சேன்.

இடது சக்கரம் தொட்டுச்சு. கேப்டன் "இப்ப"ன்னாரு. அபிநயா கையி மளமளன்னு ஓடிச்சு, எஞ்சின் ரெண்டும் நின்னு போச்சு. ஒத்தைக் கால்ல ஓடுறோம். காத்து சத்தமும் சக்கர சத்தமும் மட்டும்தான். கேப்டன் கை ரெண்டும் இடது பக்கமாத் திருகி நின்னுச்சு. வேகம் குறையக் குறைய வலது ரெக்கை தானா எறங்கிச்சு. வலது சக்கரம் மெதுவாத் தரையில உக்காந்துச்சு. உக்காந்து ஓடவும் ஓடிச்சு. ஆஹா, ஸ்விட்சுதான், அவசரப்பட்டு வாயை விட்டுட்டமேன்னு நெனைச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனைச்சேன். அந்த நெனப்பு முடியல, மளுக்குன்னு ஒரு சத்தம். வலது பக்கம் அப்பிடியே சரிஞ்சுது. ரெக்கை தரையில தேச்சுக்கிட்டு பிளேனு வலது பக்கம் சுத்தி, புல்லுல போயி நின்னுச்சு. கப்புன்னு பெட்ரோல் வாடை.

கேப்டன் "வெளிய"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் வெளிய குதிச்சு ஓடிட்டேன். இருவது அடி ஓடினப்புறம்தான் அந்தப் பொண்ணு உள்ள இருக்குதேன்னு உறைச்சுது. திரும்பிப் பாத்தா, கேப்டன் அதை முன்னாடி அனுப்பிட்டு, கடைசியா எறங்குறாரு. தீ புடிக்கல. ஒருத்தருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. வெளையாட்டா எழுதலாம்னு பாத்தேன், இந்த எடத்துல முடியல. நான் ஓடினேன், அவ்ளோதான்.

சாயங்காலம் கேப்டன் என்னைக் கூப்பிட்டு லாக் புக்கைத் தள்ளினாரு. ஸ்பிரிங்கைப் பத்தி எழுதச் சொல்லி, நான் எழுதினதை விரலை வெச்சுப் படிச்சாரு. "சாதாரணமா எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்கே தெரியும்"ன்னாரு. தெரியும். விசாரணை நடந்துச்சு. என் லைசென்சை ஆறு மாசம் முடக்கினாங்க. நியாயம்தான். வேலையை விட்டுத் தூக்காம காப்பாத்தினது அவருதான்னு பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பிளேனு சரிஞ்ச அந்த வாரமே, ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு நானும் லூர்துவும் வூட்டுக்கு வந்தா, வாசல்ல ஒருத்தர் துணிப்பையோட நிக்கிறாரு. அபிநயாவோட அப்பா கலியமூர்த்தி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு. உள்ள வந்து உக்காரக் கூட இல்ல, என் கை ரெண்டையும் புடிச்சுக்கிட்டாரு.

"சார், பாப்பா எல்லாத்தையும் சொல்லிச்சு. வேலை போனாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொன்னீங்களாம். வேற யாருன்னா மென்னு முழுங்கியிருப்பாங்க. நீங்க எங்களுக்கு சாமி மாதிரி சார்." என்னை நாற்காலியில உக்கார வெச்சு, பையை என் மடியில வெச்சாரு. ஆப்பிளு, வாழைப்பழம், நடராஜர் கோயில் பிரசாதம்.

லூர்து டீ கொண்டாந்து வெச்சுட்டு, பெருமையா என்னைப் பாத்துச்சு. அப்பிடி அது என்னைப் பாத்து வருஷக்கணக்காவுது. பேசாம இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது? ஆனா அந்த மனுஷன் கண்ணுல தண்ணி நிக்குது.

"அண்ணே, அப்பிடி இல்லண்ணே"ன்னேன். "பின் சீட்டுல உக்காந்திருந்தேன், அதனால சொன்னேன். என் உசுருக்குப் பயந்து சொன்னது அது. கீழ டவர்ல மைக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னிருந்து, அவரு அதே கேள்வியைக் கேட்டிருந்தாருன்னா, ஸ்விட்சுதான் சார், தாராளமா எறங்குங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க பொண்ணு உள்ள இருக்குதுன்னு தெரிஞ்சும் சொல்லியிருப்பேன்."

லூர்து முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு. கலியமூர்த்தி என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அடிக்கப் போறாருன்னு நெனைச்சேன், அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். அவரு டீயை எடுத்து ஒரு வாய் குடிச்சு, டம்ளரைக் கீழ வெச்சாரு.

"உங்களைப் பின் சீட்டுல உக்கார வெச்சது யாரு சார்?"

"கேப்டன். வரதராஜன் சார். அது அவரு போட்ட சட்டம்."

"அவுங்க வூடு எங்க?"

எந்த பஸ்சு, எங்க எறங்கணும், எந்தப் பக்கம் திரும்பணும்னு எல்லாம் சொன்னேன். அவரு ஒரு தடவ திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிட்டு, என் மடியிலேருந்த பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பினாரு.